ஜாக்கெட் பிட்டின் முடிவு: பொள்ளாச்சி வட்டத்தை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

ஜாக்கெட் பிட் என்பது ஜாக்கெட் தைப்பதற்கான துணி அன்று. இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும். 80 சென்டிமீட்டர் நீளம், நாலாக மடித்தது, மேலே வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு வாழைப்பழம். வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, நவராத்திரிக் கொலு என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும், கிளம்புகிற நேரத்தில் வீட்டுக்காரம்மா "சித்தெ இருங்" என்று உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து வெச்சுக் கொடுப்பார். வாங்கியவர் கண்ணில் ஒற்றிப் பையில் போடுவார். வீட்டுக்குப் போனதும் அது பீரோவுக்குள் போகும். அடுத்த விசேஷத்தில் பீரோவிலிருந்து கிளம்பி இன்னொருவர் பைக்குள் ஏறும். கூடவே வந்த தேங்காய் மறுநாள் சட்னியாகித் தன் பிறவிப் பயனை அடைந்துவிடும். (பொள்ளாச்சியில் தேங்காயை யாரும் அன்பளிப்பாகக் கருதுவதில்லை என்பது வேறு விஷயம்.) துணிக்கு மட்டும் மோட்சம் கிடையாது.

நியூ கினிக்குக் கிழக்கே ட்ரோபிரியாண்ட் தீவுகளில் இதே ஏற்பாடு உண்டு. சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும், வெண்சங்கு வளைகள் எதிர்த்திசையிலும் தீவுக்குத் தீவு போய்க்கொண்டே இருக்கும். யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. 'குலா' என்று பெயர். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922-இல் இதைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று எழுதிப் பெரும்பேர் வாங்கினார். பொள்ளாச்சிக்கு வந்திருந்தால் படகுச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

அவருடைய புத்தகத்தில் ஒரு குறை. அவர் பார்த்ததெல்லாம் ஆண்களின் சங்கு. அதே தீவுகளுக்குப் பின்னாளில் போன அனெட் வைனர், அங்கே பெண்கள் வாழையிலைக் கட்டுகளைக் கொடுத்து வாங்குவதையும், அதில் ஒரு பெரிய கணக்கே ஓடுவதையும் கண்டு 1976-இல் நூலாக எழுதினார். நம் பக்கத்திலும் நிலைமை அதுதான். ஆண்களின் கணக்கு மொய் நோட்டில் இருக்கிறது: பெயர், ஊர், தொகை, எல்லாம் எழுத்தில். பெண்களின் கணக்கு பீரோவில் இருக்கிறது. அதற்கு நோட்டுக் கிடையாது. ஆனால் எட்டு வருஷத்துக்கு முன் யார் வீட்டு வளைகாப்பில் யாருக்கு எந்த நிறத்தில் பிட் போனது என்பதை நோட்டில்லாமல் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. இந்த ஆய்வுக்கு அவர்களே முதன்மைச் சான்று.

இப்படி நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்த துணிக்கு அண்மையில் ஒரு தடை வந்திருக்கிறது. தடையின் பெயர் குயில்ட். பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீடுகளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனில் வீடியோ பார்த்துப் பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்பவர்கள் அத்தோடு நிற்பதில்லை. தைத்ததைச் சொந்தபந்தங்களுக்குக் கொடுக்கவும் செய்கிறார்கள்.

துணியை அடுக்கித் தைப்பது நமக்குப் புதிதல்ல. அம்முச்சிகள் நைந்த சேலை நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஓடுதையல் ஓட்டி, பேரக் குழந்தையை அதில் கிடத்தினார்கள். வங்காளத்தில் இதைக் காந்தா என்றும் பீகாரில் சுஜனி என்றும் சொல்லி ஊர் ஊராகக் கண்காட்சி வைத்தார்கள். சுஜனி புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. நம் அம்முச்சிகளுக்குக் குழந்தை நனைத்ததை வெயிலில் காயப்போடவே நேரம் சரியாக இருந்தது.

கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். 1924-இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். (பிற்பாடு திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர் இவர்.) காந்தி விலக்குக் கொடுத்த இயந்திரம் சிங்கர் தையல் மெஷின். கையால் தைத்துத் தைத்துச் சலித்த மனைவியின் பாட்டைப் பார்த்து, அன்பின் காரணமாகச் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். வரலாறு கொஞ்சம் கோணலானது. எலியாஸ் ஹோவ் 1846-இலேயே தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1851-இல் வாங்கிய சிங்கர், வழக்கில் தோற்று ஹோவுக்குப் பணம் கட்டினார். மனைவி மேல் அன்பு என்பதைப் பொறுத்தவரை, சிங்கருக்கு ஒரே காலத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கு மேல் பிள்ளைகள். அன்புக்குக் குறைவில்லை என்பது வரை காந்தி சொன்னது சரி. பொள்ளாச்சி வீடுகளில் மெஷின் பெரும்பாலும் சீராக வந்தது. அல்லது சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு தரும் இலவசத் தையல் மெஷின். மேலே டி.வி. ரிமோட்டும் மாத்திரை டப்பாவும் வைத்திருந்த அதே மெஷினைத்தான் இப்போது துடைத்து எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

இனிக் கணக்கு. ஒரு ஆள் படுக்கும் கட்டிலுக்கு 5 அங்குலச் சதுரங்கள் குறுக்கே 13, நெடுக 20, ஆக 260 வேண்டும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். மிஞ்சுவது நாலரை அங்குலம். 36 அங்குல அகலமுள்ள ஒரு ஜாக்கெட் பிட்டில் ஏழும் ஆறுமாக 42 சதுரம் தேறும். ஆகவே ஒரு போர்வைக்கு ஏழு பிட். சுமாரான விருந்தோம்பல் உள்ள பொள்ளாச்சி வீடு ஒன்றின் பீரோவில் இரண்டு போர்வைக்குத் துணி தாராளமாக இருக்கும். உள்ளே வைக்கப் பாலியெஸ்டர் பஞ்சுத் தகடு மீட்டர் கணக்கில் கடையில் கிடைக்கிறது. இலவம் பஞ்சு வேண்டாம், துவைத்ததும் உருண்டை கட்டும். விவரம் தெரிந்தவர்கள் பழைய நெகமம் காட்டன் சேலையை நடுவிலும் அடியிலும் வைக்கிறார்கள். நெகமம் பக்கத்து ஊர். 2023-இல் அந்தச் சேலை புவிசார் குறியீடு பெற்றதிலிருந்து, பழைய சேலையைக்கூட யோசித்துத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது.

சதுரத்தை அளக்க வெளிநாட்டில் கண்ணாடி போன்ற அளவுகோலும் உருளைக் கத்தியும் உண்டாம். நான் பார்த்த இடத்தில் அளவு அட்டை ஒரு கல்யாணப் பத்திரிகை. நல்ல கெட்டி அட்டை, 5 அங்குலத்துக்கு வெட்டும்போது பிள்ளையார் நடுவில் வரும்படி பார்த்து வெட்டியிருந்தார்கள். அவரைத் துணிமேல் வைத்துச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, எடுத்து, பக்கத்தில் வைத்து மறுபடி கோடு. 260 சதுரத்துக்கும் பிள்ளையார் சுழி தனியாகப் போட வேண்டியதில்லை. மயில்கழுத்து, ராமர் பச்சை, குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் என்று வெட்டிய சதுரங்கள் பழைய இனிப்புப் பெட்டிகளில் நிறம் வாரியாகக் கிடந்தன. ஓரத்தில் நூல் பிரிகிற துணி, சாயம் போகிற துணி, விரலில் ஒட்டிக்கொண்டு வருகிற பாலியெஸ்டர் துணி என்று ஒவ்வொரு பிட்டின் குணமும் வெட்டும்போதுதான் தெரிகிறதாம். கொடுத்தவர்களின் குணமும் அப்போதுதான் தெரிகிறது என்றார் வெட்டிக்கொண்டிருந்தவர். இக்கருத்தை ஆய்வு வழிமொழியவில்லை, குறித்துக்கொள்கிறது.

தைப்பதில் ஒரே சிரமம், தவறு கூடிக்கொண்டே போவது. சதுரத்தின் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 19 தையல் முடிகிறபோது கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசை சரியாக இருந்துவிட்டால் வம்பு, இரண்டும் சேராது. அதனால்தான் முதல் போர்வைகள் பலவும் கோயமுத்தூர் மாவட்ட வரைபடம் மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. போதாக்குறைக்கு நாள் கெடு வேறு. புறநானூற்றில் கட்டில் பின்னுகிற ஒரு தொழிலாளி வருகிறான்: ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது, அவன் கையில் ஊசி எவ்வளவு வேகமாக ஓடும்! ஒரு சோழன் போர் செய்த வேகத்துக்குப் புலவர் இதை உவமை சொன்னார். அடுத்த வாரம் வளைகாப்பு என்கிற நிலையில் போர்வை தைப்பவரின் வேகமும் இதே. கரண்ட் கட் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கொடுக்கும் நாளில்தான் சமூகவியல் தொடங்குகிறது. மார்செல் மோஸ் 1925-இல் கொடையைப் பற்றி எழுதிய கட்டுரையில் மூன்று கடமைகளைச் சொன்னார்: கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். போர்வை விஷயத்தில் முதல் இரண்டும் சுலபமாக முடிந்துவிடும். மூன்றாவதில் வண்டி நின்றுவிடுகிறது. மொய் என்றால் 501-க்கு 1001 எழுதி மேலே போகலாம். இரண்டு மாத மதியங்களை எந்த நோட்டில் எப்படி எழுதுவது? பிட்டைப் போல அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடவும் முடியாது; தைத்தது யார் என்று ஊருக்கே தெரியும்.

அதைவிட ஆபத்து, விரித்துக் காட்டும்போது. ஒரு விசேஷ வீட்டில் கேட்ட உரையாடல் இது:

"ஏனுங் அக்கா, இந்த மயில்கழுத்து, எங்க ஊட்டுப் புதுமனைக்கு நாங்க வெச்சுக் குடுத்ததுதானுங்களே?"

"அதே தானுங் கண்ணு. உங்க ஞாபகமா இருக்கட்டும்னுதான் நடுவுல வெச்சேன்."

"அப்ப அந்தப் பச்சை?"

"அது உங்க நங்கையா குடுத்தது. அதுக்கு முன்னால நீங்க அவங்களுக்குக் குடுத்ததாமா."

பக்கத்தில் இருந்தவர்கள் பாயசம் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 1840-களில் அமெரிக்கப் பெண்கள் தோழிகளின் கையெழுத்தைச் சதுரத்துக்கு ஒன்றாக வாங்கி நட்புப் போர்வை தைத்தார்கள். பொள்ளாச்சிப் போர்வையில் கையெழுத்து கிடையாது. தேவையும் இல்லை.

வாங்கியவர்கள் அதைப் போர்த்திக்கொள்கிறார்களா என்று கேட்பது நாகரிகம் ஆகாது. ஆனாலும் ஆய்வு கேட்டுத்தான் ஆக வேண்டும். பொள்ளாச்சியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு, மழை உண்டு. பஞ்சு வைத்த போர்வை கேட்கிற குளிர் மார்கழியில் சில நாள் தவிரக் கிடையாது. 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போனால் உண்டு. வால்பாறையில் சொந்தம் இல்லாதவர்கள் போர்வையைச் சோபா முதுகில் மடித்துப் போடுகிறார்கள்; சட்டை அயர்ன் பண்ண மேசையில் விரிக்கிறார்கள். தைத்துக் கொடுத்தவர் போன் பண்ணிவிட்டு வந்தால் அது கட்டிலில் இருக்கும்.

இதில் தைத்தவர்கள் வருந்த ஒன்றுமில்லை. உடுமலை வழியாகப் போனால் வருகிற பழனி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன், மயிலுக்குக் குளிரும் என்று தன் போர்வையைக் கொடுத்தவன். மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தேதான் கொடுத்தான் என்று பரணரே பாடியிருக்கிறார். கையால் செய்த பரிசுகளின் இலக்கணம் அங்கேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. அதே பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருக்க, கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நாலு புலவர்கள் வரிசையாகப் போய், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் போர்வை தைத்துவிட்டு வீட்டுக்காரருக்கு ஒரு தலையணை உறை தைக்காதவர்கள் இந்தப் பாடல்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இதற்கிடையே விளைவு தெரிய ஆரம்பித்துவிட்டது. வெட்டிய பிட் திரும்ப வராது. சுற்றில் இருக்கும் துணி குறைய, சில வீடுகளில் பிட்டுக்குப் பதில் எவர்சில்வர் கிண்ணம் வெச்சுக் கொடுக்கிறார்கள். கிண்ணத்தை யாரும் வெட்ட முடியாது என்பதால் அது இன்னும் நெடுங்காலம் சுற்றும்.

எனவே பொள்ளாச்சி வட்டாரத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி நீங்கள் கொடுக்கும் துணியைத் தைக்கத்தான் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு கொடுங்கள். பருத்தியாகப் பாருங்கள். வாளித் தண்ணீரில் ஒருமுறை போட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். 80 சென்டிமீட்டருக்குப் பதில் ஒரு மீட்டராகக் கொடுத்தால் இன்னும் ஏழு சதுரம் எச்சாத் தேறும்.