அஞ்சு நிமிஷ அண்ணன்

மதுரைப் பக்கம் எந்த ஊரில் இறங்கினாலும், ஜெராக்ஸ் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் டிசைனர் அண்ணன் உட்கார்ந்திருப்பார். முதலாளி, ஓவியர், புலவர், கணக்கப்பிள்ளை, டீ வாங்கி வருபவர் எல்லாம் அவரே. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃப்ளெக்ஸ், கட்சிக்காரர் பிறந்தநாள் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது அத்தனையும் அவருடைய கோரல் டிராவைத் தாண்டித்தான் தெருவுக்கு வர வேண்டும்.

அவருக்கு யாரும் வேலை தருவதில்லை. அஞ்சு நிமிஷ வேலைதான் தருவார்கள். "எட்டுக்கு ஆறுண்ணே. மாப்பிள்ளை பக்கத்துல ஒரு சிங்கம், கீழ மாமன் மச்சான் இருவது பேர் போட்டோ. அஞ்சு நிமிஷந்தான்." இருபது போட்டோவும் வாட்ஸ்அப்பில் வந்து விழும். பாதி, ஆதார் அட்டையிலிருந்து வெட்டியவை. ஒரு மச்சான் மட்டும் கொடைக்கானலில் கூலிங் கிளாஸோடு நிற்பார். தோளில் யாருடையதோ ஒரு கை கிடக்கும். அந்தக் கையை எடுக்கவே அரை மணி நேரம்.

பத்திரிகை வேலை இன்னும் மோசம். அதில் சண்டை முழுக்கப் பெயர்களில்தான். யார் பெயர் மேலே, யாருக்கு பி.இ., யார் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்பதெல்லாம் அவர் கணினி முன்னால்தான் முடிவாகும். ஃபைல் பெயர்களை வரிசையாகப் படித்தாலே அந்தக் குடும்பத்தின் வரலாறு தெரிந்துவிடும்: 'தாய்மாமன் சேர்த்தது', 'தாய்மாமன் எடுத்தது', 'தாய்மாமன் சமாதானம்', 'தாய்மாமன் போட்டோவுடன்'. எல்லாம் முடிந்தது என்று மூச்சு விடும்போது, "எங்க சித்தி கல்யாணத்துக்கு மறக்காம வந்துடுங்க" என்று அழைக்கும் மழலைகள் பட்டியலில் போன வாரம் பிறந்த குழந்தையைச் சேர்க்கச் சொல்லி போன் வரும். பெயர் இன்னும் வைக்கவில்லையாம். இடம் மட்டும் விட்டு வைக்க வேண்டுமாம்.

போதாததற்கு எழுத்துரு. வாட்ஸ்அப்பில் வருவது யூனிகோடு. அண்ணன் கைவசம் உள்ள அழகழகான எழுத்துகளோ பழைய பாமினி வகை. மாற்றிப் போட்டால் ஏதாவது ஓர் எழுத்து கோவித்துக்கொண்டு கட்டமாக நிற்கும். பெரும்பாலும் அது மணமகள் பெயரில் இருக்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லையே, ஓய்வு கிடைக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். அண்ணனும் வருஷா வருஷம் அப்படித்தான் நினைக்கிறார். ஆடி பிறந்ததும் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் கமிட்டி, நன்கொடையாளர் பட்டியலோடு வந்து நிற்கும். மார்கழியில் புத்தாண்டும் பொங்கலும் வாழ்த்துக்குக் காத்திருக்கும்.

ஒரு ஜனவரியில் யூடியூப் பார்த்து, வெள்ளைப் பலகை வாங்கி, மணிக்கு ஒரு வேலை என்று கட்டம் போட்டார். முதல் கட்டத்திலேயே ஒரு சாவு விழுந்தது. அஞ்சலி போஸ்டருக்கு வரிசை கிடையாது. பாடை எடுப்பதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். நிர்வாகவியல் படித்த எந்த மேதை வந்தாலும் இந்தச் சிக்கலுக்கு வழி சொல்ல முடியாது என்பது என் எண்ணம். நேரம் மிச்சமாகும் ஒரே இடம் போட்டோ. காலமானவர் ஏற்கெனவே ஏதோ ஒரு காதணி விழாவில் மாமனாகச் சிரித்திருப்பார். பின்னாலிருக்கும் சிங்கத்தை எடுத்துவிட்டு இரண்டு குத்துவிளக்கை வைத்தால் போதும். ஊரில் பாதிப் பேரின் கடைசிப் படம் அண்ணனின் ஹார்ட் டிஸ்கில் தயாராக இருக்கிறது, அவர்களுக்குத்தான் தெரியாது.

2017-இல், உயிரோடிருப்பவர் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது அண்ணன் ஆடிப்போனார். "செத்தவங்கள மட்டும் நம்பி எப்படிப்பா கடை நடத்துறது?" என்றார். நியாயமான கேள்வி.

இத்தனைக்கும் மூலகாரணம் கடை வாசலில் தொங்குகிறது: 'டிசைன் இலவசம்'. எதிர்க் கடைக்காரர் எழுதினார் என்று இவரும் எழுதியது. காசெல்லாம் சதுர அடிக்குத்தான். ஒரே முறையில் ஓகே ஆனாலும், மாமன் ஏறி இறங்கிப் பதினாலு திருத்தம் கண்டாலும் எட்டுக்கு ஆறு நாற்பத்தெட்டு சதுர அடிதான். அவருடைய ராத்திரிகளுக்கு எந்த பில்லிலும் இடமில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை அளவாகக் கேட்கிற பழக்கம் நம் ஊரில் யாருக்கு இருக்கிறது?

போன மாதம் துணிந்துவிட்டார். 'மூன்று திருத்தத்துக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ரூ.100' என்று சிவப்பு, மஞ்சளில், ஓரத்தில் ரோஜாக்கள் வைத்து, நிழல் விழுந்த எழுத்தில் ஒரு பலகை செய்து சுவரில் மாட்டினார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த வேலை. மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்த மளிகைக் கடைக்காரர் அதன் முன் நின்று ரசித்துப் படித்தார்.

"சூப்பரா இருக்குண்ணே. இதே மாதிரி 'கடன் கிடையாது'ன்னு நம்ம கடைக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. எழுத்த மட்டும் மாத்தணும், அஞ்சு நிமிஷந்தான்."

அண்ணன் கம்ப்யூட்டரை ஆன் செய்தார்.