பரண் மேல் ஒரு ரவுட்டர்

எந்தக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார். பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட விடமாட்டார். இணைப்பு மாற்றியபோது மிஞ்சிய கறுப்புப் பெட்டி, ஆன்டெனா ஒடிந்த வெள்ளைப் பெட்டி, யார் வீட்டிலிருந்து வந்தது என்றே தெரியாத இன்னொன்று, எல்லாம் அவர் வீட்டுப் பரணில் ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் குடியிருக்கும். சித்தி அதைக் குப்பை என்பார். அவர் 'ஸ்டாக்' என்பார். "பின்ரூம்ல நெட் வரமாட்டேங்குது" என்று சொந்தத்தில் யாராவது வாய்விட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை இட்லி வேகும் நேரத்துக்குப் பையோடு வாசலில் நிற்பார்.

அத்தை வீட்டுக்கு வந்தாலும் உட்காரமாட்டார். போனை நீட்டிப் பிடித்தபடி ஹாலிலிருந்து கொல்லைப்புறம் வரை ஒரு நடை. சும்மா சொல்லக் கூடாது, விஷயம் தெரிந்தவர். இரும்பு பீரோ அலையைத் திருப்பிவிடும், மீன்தொட்டித் தண்ணீர் குடித்துவிடும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக ஓடும், ஆனால் ஒன்பது அங்குலச் சுவர் இரண்டைக் கண்டால் படுத்துவிடும், 2.4 மெதுவாக வந்தாலும் சுவர் தாண்டி வந்து சேரும். இதெல்லாம் நடக்க நடக்கவே சொல்லிவிடுவார். அக்கம்பக்கத்து வைஃபைகள் எந்தெந்த சேனலில் இருக்கின்றன என்று காட்டும் ஆப் ஒன்று வைத்திருக்கிறார். 1, 6, 11 இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று இடிக்காது, தெருவே 6-ல் அடைந்து கிடக்கிறது என்று வருத்தப்படுவார். நடுவில், "எதிர்வீட்ல புது டிவி வாங்கியிருக்காங்க போல, பேரு காட்டுது" என்பார். அத்தை முதன்முறையாக ஆர்வமாக நிமிர்வது இங்கேதான்.

பிறகு பை அவிழும். ரவுட்டர் இருக்கும், அடாப்டர் இருக்காது. இருக்கிற அடாப்டர்களில் ஒன்று 12 வோல்ட், ஒன்று 9, ஒன்று 5. முனை மட்டும் எல்லாம் ஒரே மாதிரி. பூதக்கண்ணாடி வைத்துப் பொடி எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் இட்லி ஆறிவிடும்.

"அக்கா, ஒரு ஊக்கு குடு."

அத்தை தாலிச் சங்கிலியிலிருந்து கழற்றித் தருவார். பின்பக்கத்து ரீசெட் துளையில் அதைக் குத்திப் பத்து விநாடி அழுத்துவார். விளக்குகள் அணைந்து எரியும். முந்தைய வீட்டுப் பாஸ்வேர்ட், பெயர் எல்லாம் போய் அது புதிதாய்ப் பிறந்துவிடும். அடுத்தது அவருடைய உச்சக்கட்டம்: ஒவ்வொரு கருவிக்கும் முகவரி தரும் டிஹெச்சிபியை அணைப்பது.

"ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு கம்பவுண்டர் தனித்தனியா டோக்கன் குடுத்தா என்னாகும்க்கா? ரெண்டு பேர் கையில ஒண்ணாம் நம்பர் இருக்கும். அதான், ஒருத்தன் வாயை அடைக்கிறேன்."

"நல்ல டாக்டரா பார்த்துப் போயிட வேண்டியதுதானே தம்பி."

சித்தப்பா சளைக்கமாட்டார். பழையதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுவார், இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைப்பார், ஒயரை இந்தப் பெட்டியின் லான் ஓட்டையிலிருந்து அந்தப் பெட்டியின் லான் ஓட்டைக்கு இழுப்பார். ஒயர் இல்லாமல் ரிப்பீட்டராக வைக்கலாமே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. "அதே ரேடியோவுல வாங்கி அதே ரேடியோவுல குடுக்கணும், வேகம் பாதியாயிடும்" என்று கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானதுதான். நியாயமில்லாதது ஒயர் போகும் வழி: கதவு நிலைக்கு மேலே, சாமி படத்துக்குப் பின்னால், காலண்டர் ஆணியில் ஒரு சுற்று. நூறு மீட்டர் வரை இழுக்கலாம் என்று அவர் சொல்லும்போது அத்தை சுவரைப் பார்ப்பார்.

சாப்பாட்டு இலையில் பழங்கதை. 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி, நீலமும் கறுப்புமாக, உள்ளே லினக்ஸ். அடுத்த ஆண்டு அதன் மூலநிரல் வெளியே வந்ததும் ஊருலகத்துப் பையன்கள் தாங்களே அதற்கு மென்பொருள் எழுதிய கதை, ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்த கதை. ரசத்துக்கு வரும்போது அவர் குரலே மாறியிருக்கும்.

மத்தியானம் பின்ரூமில் நெட் வந்துவிடும். வரும், அதைச் சொல்லாவிட்டால் பாவம். அத்தையின் போன் மட்டும் ஒற்றைக் கோட்டோடு ஹால் ரவுட்டரையே பிடித்துக்கொண்டு கிடக்கும். எப்போது தாவுவது என்பதைப் போன்தான் முடிவு செய்யும், ரவுட்டர் அல்ல என்று விளக்கிக்கொண்டே வைஃபையை அணைத்துப் போடுவார்.

அப்போதுதான் ஊஞ்சலிலிருந்து பாட்டி கேட்பார்: "ஏண்டா, வாசல் மூலையில இருக்கிற பெட்டியை வீட்டு நடுவுல வெச்சா ஆகாதோ?"

காலையிலேயே, போனை நீட்டி நடந்த முதல் நடையிலேயே, சித்தப்பாவுக்கு இது தெரியும்.

"அது ஃபைபர்மா. ரொம்ப வளைச்சா ஒடிஞ்சிடும்" என்பார், பாட்டியின் முகத்தைப் பார்க்காமல். உடனே மாடிப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, பையில இன்னொண்ணு இருக்கு. மொட்டை மாடிக்குப் போட்டுடலாமா?"

"அங்கே வத்தல்தான்டா காயுது."

"காவலுக்கு யாராவது உட்காரணும்ல?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டேப்பை விரித்துக்கொண்டு மூன்றாவது படியில் நிற்கிறார்.