புழுக்கை படிக்கத் தெரியுமா, பேராண்டி?

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. 1,200 அடிக்கு இன்னொரு போர் போடறேன்னு திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு அட்வான்ஸே குடுத்துட்டியாமே? பாலக்கோடு மார்க்கெட்டுல தக்காளி விலை ஏறினா ரெண்டே மாசத்துல போட்ட காசு வந்துடும்னு உன் கணக்கு. ஏறட்டும் சாமி, யார் வேணாங்கறது? அதுக்கு முன்னால ஆட்டுப்பட்டிக்கு வந்து ஒரு புழுக்கையை எடுத்து நசுக்கிப் பாரு. மூக்கைப் பொத்தாதே. பெங்களூர்ல பானிபூரி தின்னவனுக்கு இது ஒண்ணும் பண்ணாது.

உதிருதா? மாட்டுச் சாணி இப்படியா இருக்கு? ஆட்டுக்குப் பெருங்குடல் சுருள் சுருளாச் சுத்திப் போகுது. கழிவு அந்தச் சுத்தெல்லாம் சுத்தி வெளிய வர்றதுக்குள்ள, ஈரத்தைப் புழிஞ்சு ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிடும். ஆட்டுக்கு வாலை அளந்து வச்சான்னு ஊர்ல சொல்றாங்க. வாலுக்குக் கீழே அதைவிட நுணுக்கமா ஒண்ணை அளந்து வச்சிருக்கான், அதைப் பத்தி ஒரு பய பேசறதில்லை.

மூத்திரத்துலயும் அதே கஞ்சத்தனம்தான். உடம்புல சேர்ற யூரியாவை வெளியேத்தணும்னா தண்ணி செலவாகும். தண்ணி குறைஞ்சுடுச்சுன்னா ஆட்டுக் கிட்னி யூரியாவை நிறையப் புடிச்சு வச்சுக்கும். அது எச்சில் வழியாவும் ரத்தம் வழியாவும் பெருவயித்துக்குத் திரும்பிப் போகும். அங்க குடியிருக்கிற நுண்ணுயிருங்க அதைத் தின்னு புரதமாக்கி ஆட்டுக்கே குடுத்துடும். நீ சொசைட்டியில ஆதார் கார்டை நீட்டிக்கிட்டு நிக்கறியே யூரியா மூட்டைக்கு, அதே யூரியாதான்!

நம்ம கருப்பு வெள்ளாட்டுக்கு சர்க்கார் 'சேலம் கருப்பு'ன்னு பேர் வச்சிருக்கு. சினாய் பாலைவனத்துல பெதுவீன் சனங்க வளக்கறதும் கருப்பு ஆடுதான். அது சில சமயம் நாலு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணிக்கு வரும். அப்படி வர்றப்ப உடம்பு எடையில கால் பங்குக்கு மேல வத்திப் போயிருக்கும். வந்ததும் ஒரே மூச்சில குடிச்சு, பெருவயித்துல தேக்கி, ரத்தத்துக்கு மெதுவா விடும். ஒரேயடியா விட்டா ரத்த அணு ஊதி வெடிச்சிடும்ல? நம்ம ஆடும் அப்படித் தாங்குமான்னு நான் சோதிச்சுப் பாக்கல. பாத்திருந்தா உன் ஆயா என்னைப் பட்டியில கட்டியிருப்பா.

ஒட்டகத் திமில்ல தண்ணி இருக்குன்னுதானே நீ இன்னும் நம்பிக்கிட்டிருக்கே? அது கொழுப்புடா. உன் இடுப்பைச் சுத்திக் கெடக்கே, அதே சரக்கு. நார்வேயில பொறந்த க்னூட் ஷ்மிட்-நீல்சன்னு ஒரு விஞ்ஞானி 1950கள்ல சகாராவுக்கே போயி ஒட்டகத்தோட சூட்டை அளந்தாரு. தண்ணி கெடைக்காத ஒட்டகத்துக்கு விடியக்காலையில 34 டிகிரி இருக்கிற உடம்பு, பகல்ல 40 வரைக்கும் ஏறுது. அதுவரைக்கும் வேர்வையை வீணடிக்காது. சேந்த சூட்டை ராத்திரிக் குளிர்ல விட்டுடும். உனக்கு ஒரு டிகிரி ஏறினா ஊரையே எழுப்பிடறே. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. நீ வாங்கிக் குடுத்த செல்போன்தான். உனக்கு ரீல்ஸ் காட்டுது, எனக்கு ஒட்டகம் காட்டுது.

சகாரா எதுக்கு, மேல உத்தரத்தைப் பாரு. பல்லி எச்சம் கருப்பா இருக்கு, நுனியில மட்டும் வெள்ளைப் பொட்டு. அந்த வெள்ளைதான் அதோட மூத்திரம். யூரிக் அமிலம் தண்ணியில லேசில கரையாது. அதனால கெட்டியாவே தள்ளிடும், தண்ணிச் செலவும் மிச்சம். வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறியே, ஒருநாளாவது உத்துப் பாத்திருப்பியா?

கடலைக்கொல்லை வெள்ளெலியை மட்டும் நல்லாத் திட்டத் தெரியும். தானியம் உடம்புல எரியறப்பவே தண்ணி உண்டாகும்டா. 100 கிராம் மாவுச்சத்துக்கு 55 கிராம் தண்ணி. இதை வச்சே காலம் தள்ளுது அமெரிக்கப் பாலைவனத்துல இருக்கிற கங்காரு எலி, குடிக்கத் தண்ணியே தேடாது. பகல்ல வளை வாயை மண்ணால அடைச்சுக்கிட்டுப் படுத்துக்கும். மூச்சில போற ஈரத்துல கொஞ்சம் குளிர்ந்த மூக்கிலேயே படிஞ்சிடும். மிச்சத்தைச் சேத்து வச்ச காஞ்ச விதை உறிஞ்சிக்கும், அதை இது தின்னுடும். விட்ட மூச்சைக்கூடத் திரும்ப வசூல் பண்ற ஜீவன்! வட்டிக்கு விடற உன் மாமனாரே தோத்தாரு.

இதைக் கேட்டுட்டு நீ தண்ணி குடிக்காம கெடக்காதே. நம்ம உடம்பு சூட்டைத் தணிக்க வேர்வையைத்தான் நம்பியிருக்கு. வெயில்ல மம்பட்டி புடிச்சா மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போயிடும். தாகம் எடுத்தா குடி, எடுக்கலேன்னாலும் குடி. கஞ்சத்தனத்தை உன் கொல்லையில காட்டுன்னுதான் சொல்றேன். ஆடு, ஒட்டகம், எலி எல்லாம் உள்ள வர்ற தண்ணியைவிட வெளிய போறதைத்தான் காவல் காக்குது. நீ வெளிய போறதை விட்டுட்டு, பாறைக்குள்ள எங்க இருக்குன்னு தேடறே. அந்தப் பாறைத் தண்ணியோட லட்சணம் தெரியணும்னா என் பல்லைப் பாரு. புளோரைடு மஞ்சள், தேச்சாலும் போவாது. இதுக்குத்தானே ஜப்பான்காரன்கிட்ட கடன் வாங்கி ஒகேனக்கல் காவிரியைக் குழாய்ல கொண்டாந்து, 2013ல தொறந்து வச்சாங்க? சிறு விவசாயின்னு முழு மானியத்துல நீ வாங்கின சொட்டுநீர்க் குழாய் கோழிக்கூண்டு மேல சுருண்டு கெடக்கு. தக்காளிக்கு மட்டும் வாய்க்கால்ல தண்ணி பாயுது.

சரி, ரிக் வண்டிக்காரனுக்குப் போனைப் போட்டு ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லு. அதுக்குள்ள அந்தக் குழாயை எறக்கி விரி. மேற்கால மூலையில கேட் வால்வு ராப்பகலா ஒழுகுதே, அதையும் மாத்து. ஆனா மாத்தறதுக்கு முன்னால அங்க ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிடு. இத்தனை நாளும் என் ஆடுங்க அந்த ஒழுக்குலதான் தண்ணி குடிக்குது.