நகெட்டும் நியாயமும்

2002-இல் நியூயார்க்கில் மேக்டொனால்ட்ஸ் மீது ஒரு வழக்கு. அங்கே தின்று தின்றே பிள்ளைகளுக்கு உடம்பு பெருத்துவிட்டது என்று புகார். ஊரே சிரித்தது. ஊட்டியா விட்டார்கள் என்று கேட்டது.

நீதிபதி ராபர்ட் ஸ்வீட் (பெயர்ப் பொருத்தத்தைக் கவனிக்கவும்) 2003 ஜனவரியில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அளவு மீறித் தின்றால் பெருக்கும் என்பது தெரிந்த சங்கதி. அதிலிருந்து காப்பாற்றுவது சட்டத்தின் வேலையல்ல என்றார். சரிதான். ஆனால் அதே தீர்ப்பில் சிக்கன் நகெட்டின் சேர்மானப் பட்டியலையும் பிரித்து மேய்ந்துவிட்டார். கோழி இருந்தது. கூடவே, எண்ணெய் நுரைக்காமலிருக்க டைமெத்தில்பாலிசிலாக்ஸேன் இருந்தது. எந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இதற்கு இடம்? பெயர்தான் வாயில் நுழையவில்லை. சரக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. தனிமனிதப் பொறுப்பு என்றால், வேதியியலில் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டுதான் இனி பசிக்க வேண்டும்.

2004 மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, உடம்பு பெருத்ததற்காக உணவுக் கம்பெனிகள் மீது வழக்குப் போடக் கூடாது என்று ஒரு மசோதாவையே நிறைவேற்றியது. செல்லப்பெயர் 'சீஸ்பர்கர் மசோதா'. செனட்டில் அது கரையேறவில்லை.

அதே மாதம்தான் மேக்டொனால்ட்ஸ் 'சூப்பர் சைஸ்' அளவை நிறுத்தப்போவதாக அறிவித்தது. முப்பது நாள் அங்கேயே தின்று ஒருவர் எடுத்த 'சூப்பர் சைஸ் மீ' படம் அந்த ஆண்டு ஜனவரியில் திரைப்பட விழாவுக்கு வந்திருந்தது. படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றது கம்பெனி.