கல்லாவில் முதலாளி, கோர்ட்டில் கணக்குப்பிள்ளை

திண்டுக்கல் வாசகி: கணவருக்குச் சொந்தக் கடை இருக்கிறது. பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டால், "அந்தக் கடையில் சம்பளத்துக்குத்தான் இருக்கிறேன்" என்கிறார். இந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பது அரசின் வேலை இல்லையா?

நியாயப்படி அரசின் வேலை. நடைமுறையில் உங்கள் தலையில். சேமிப்புக் கணக்கில் விழுந்த வட்டிகூட வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறிவிடுகிறது. ஆனால் அதே ஆள் குடும்ப நல நீதிமன்றத்தில் பரம ஏழையாக நின்றால், அந்த விவரம் தானாக அங்கே வராது. நீங்கள் மனு போட்டு வரவழைக்க வேண்டும். நீதிமன்றம் பான் எண்ணை அனுப்பினால் வரித்துறை வருமானத்தைச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு விதி போட்டால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை ஒரு வழி. பதிவு பெற்ற கடையின் பெயர்ப்பலகையில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு யார் பெயரில் என்று வந்துவிடும். தம்பி பெயர் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். கடை வாடகை யார் கணக்கிலிருந்து போகிறது என்று வக்கீலை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கரூர் வாசகர்: மனைவிகள் வருமானத்தை மறைப்பதே இல்லையா?

மறைப்பவர்கள் உண்டு. அதனால்தான் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பொய் என்று தெரிந்தால் நடவடிக்கை எடுக்கலாம். அந்த 'லாம்'தான் பலருக்குத் தெம்பு.

நாகர்கோவில் வாசகி: வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கென்றே ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. வருமானத்தைப் பெரும்பாலும் வரித்துறைப் பதிவிலிருந்தே எடுக்கிறது. சிக்கலான கணக்குகளைத் துருவ தனிப் புலனாய்வுப் பிரிவும் உண்டு. ஆனால் பணத்தை வசூலித்துத் தர வேண்டியிருந்தால் இரு தரப்பிலும் கட்டணம் பிடித்துக்கொள்ளும்.

சேலம் வாசகி: வழக்குப் போட்டதும் கணவர் வேலையையே விட்டுவிட்டாரே?

உடலில் தெம்புள்ளவர் சம்பாதிக்கக்கூடியவர் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அவர் விட்டது வேலையைத்தானே, கைகால்களை இல்லையே!