எங்கட மெம்பர் ஆர்?

கைதடியில், ஏ9 வீதியில், வடக்கு மாகாண சபையின் கட்டடத் தொகுதி இருக்கிறது. தென்மராட்சிக்காரருக்கு இதில் ஒரு தனிப் பெருமை. யாழ்ப்பாண நகரத்தாரிடம் நல்லூர் இருக்கிறது. வடமராட்சியாரிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள் (அவர்களே சொல்லிக்கொள்வது). எங்களிடம் பலாப்பழமும் சட்டசபையும் இருக்கின்றன. பலா வருடா வருடம் காய்க்கிறது. சபை 2018 ஒக்டோபரோடு நின்றுவிட்டது.

இந்த விஷயம் மாமிக்கு இவ்வளவு காலமும் உறைக்கவில்லை. உறைக்க வைத்தவள் நியூஜேர்சியில் இருக்கிற அவரது பேத்தி. அவள் இருக்கும் இடத்துச் சட்டசபை உறுப்பினர் வீடுகளுக்குத் தபால் அனுப்புகிறாராம். வரிச் சலுகைப் படிவத்தை எங்கே நிரப்பலாம், காய்ச்சல் ஊசி எங்கே போடுகிறார்கள், எந்த வீதியை எப்போது திருத்தப் போகிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்குமாம். கீழே தன் படமும் போட்டிருப்பாராம், சிரித்தபடி. வீடியோவில் பேத்தி அதைக் காட்டியதிலிருந்து மாமிக்கு நித்திரை இல்லை.

"தம்பி, அங்க மெம்பர் காயிதம் போடுறார். எங்கட மெம்பர் ஆர்?"

"ஆரும் இல்லை, மாமி."

"விளையாடாதை. கைதடியில அவ்வளவு பெரிய கந்தோர் கிடக்கு."

கந்தோர் கிடக்கிறதுதான். உத்தியோகத்தர் இருக்கிறார்கள், செயலாளர்கள் இருக்கிறார்கள், மேலே ஆளுநர் இருக்கிறார். தெரிவு செய்யப்பட்ட ஆள்தான் இல்லை. 2013 செப்டெம்பர் 21 அன்று வடக்குக்கு முதல் தேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எடுத்தது. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். ஐந்து வருடம் சபை கூடியது, தீர்மானங்கள் நிறைவேற்றியது, உள்ளுக்குள்ளேயே ஒருவரோடொருவர் கோபித்துக்கொண்டது. பிறகு காலம் முடிந்தது. அந்த முதல் தேர்தலே இன்றுவரை கடைசித் தேர்தலும்.

ஏன் வைக்கவில்லை என்று மாமி கேட்டார். இந்தக் கதையைச் சொல்லுமுன் அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையைச் சட்டம் போட்டு மாற்றினார்கள். புது முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சர் பைசர் முஸ்தபாவும் எதிர்த்தே வாக்களித்தார்.

"கொண்டுவந்தவரே?"

"கொண்டுவந்தவரே."

மாமி கொஞ்ச நேரம் தேத்தண்ணியைப் பார்த்தார். "அப்ப அந்தாளைப் போல ஒழுங்கான மனிசன் இல்லை. பிழை எண்டு கண்டு தானே எதிர்த்திருக்கிறார்." மாமியின் அரசியல் ஞானத்துக்கு முன்னால் நான் வாய் திறப்பதில்லை.

மெம்பர் இல்லாவிட்டால் என்ன குறை என்று கேட்பவர்கள் மாமியின் ஒழுங்கைக்கு ஒருமுறை வரவேண்டும். பிரதான வீதியிலிருந்து ஒழுங்கை இறங்குகிற முடக்கில் ஒரு கிடங்கு. கார்த்திகை மழைக்கு அதில் வாத்து நீந்தும். கிடங்கை மூடுவது பெரிய வேலையில்லை, ஒரு உழவு இயந்திரப் பெட்டி கிரவல் போதும். அது யாருடைய கிடங்கு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இந்த நாட்டில் ஏ, பி வகை வீதிகள் கொழும்பின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகை மாகாண வீதித் திணைக்களத்துக்கு. மிச்சம் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ. மாமியின் கிடங்கு இரண்டு வீதி சந்திக்கிற இடத்தில் இருப்பதால் அதற்கு இரட்டைக் குடியுரிமை. ஒரு கந்தோரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெடியன் வரைபடத்தை விரித்து, விரலை வைத்து, "அண்ணை, தார் முடியிற இடத்தில எங்கட எல்லையும் முடியுது" என்றான். மற்றக் கந்தோரில், தார் முடிகிற இடத்துக்கு அடுத்த அடியிலிருந்துதான் தங்கள் எல்லை என்றார்கள். கிடங்கு சரியாக அந்த அடியில் இருக்கிறது. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வந்த வட்டார உறுப்பினர் நல்ல பிள்ளை, சைக்கிளில் வந்து பார்த்துப் படமும் எடுத்தார். வாத்து நன்றாக விழுந்திருந்தது.

முந்தி இவ்வளவு சிக்கல் இல்லை என்பது மாமியின் கட்சி. சாவகச்சேரி என்ற பெயரிலேயே தொகுதி இருந்தது. 1956 முதல் 1983 வரை வி. என். நவரத்தினம் ஒருவரே எம்பி. விருப்பமோ இல்லையோ, யாருடைய படலையைத் தட்டுவது என்று ஊருக்குத் தெரியும். 1989இலிருந்து விகிதாசாரம். இப்போது கிளிநொச்சியையும் சேர்த்து முழு யாழ் தேர்தல் மாவட்டத்துக்கும் 6 பேர். ஆறு பேரும் எங்களுடையவர்கள் என்பதால் ஒருவரும் எங்களுடையவர் இல்லை.

அதற்காகச் செய்தி வரவில்லை என்று சொல்லமாட்டேன். செய்திக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்குப் பதில் அத்தியட்சகராக வந்த வைத்தியர் அர்ச்சுனா 2024 ஜூலையில் முகநூல் நேரலையில் பேசத் தொடங்க, ஊர் முழுக்க வைத்தியசாலை வாசலில் திரண்டது. அதே வருடம் நவம்பரில் அவர் சுயேச்சையாகப் பாராளுமன்றம் போனார். முதல் நாளே எதிர்க்கட்சித் தலைவரின் கதிரையில் அமர்ந்தார். ஆக, எங்கள் ஆஸ்பத்திரி கொழும்புக்கு ஒரு எம்பியை அனுப்பியது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி மாகாணத்துக்கு உரியது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கவேண்டிய சபை, கூப்பிடு தூரத்தில் கைதடியில், ஆளில்லாமல் இருக்கிறது. இதை மாமிக்கு விளங்கப்படுத்தி நானே குழம்பிப்போனேன்.

நேரலைகளைக் கனடாவில் இருக்கிறவர்கள் விடிய விடியப் பார்க்கிறார்கள். பாராளுமன்றத்தில் யார் யாரை என்ன சொன்னார் என்பது மாமிக்கும் உடனே தெரியும். ஆனால் அஸ்வெசும உதவித்தொகை மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது, அடையாள அட்டைக்கு எந்தக் கடிதம் வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் விதானையார்தான். தென்மராட்சியில் 60 கிராம அலுவலர் பிரிவு. அந்த 60 பேரின் கைத்தொலைபேசிகள்தான் எங்களுடைய உண்மையான சட்டசபை. விதானையார் எடுக்காவிட்டால் மீன்காரர். மீன்காரருக்கு மூன்று பிரிவு விதானைமாரின் செய்தியும் தெரியும், செத்தவீட்டு விபரம் இலவசம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒன்றும் கையில் இருக்கிறது. அதன்படி, கிடங்கு யாருடையது என்று எழுத்தில் கேட்கலாம், பதில் தந்தே ஆகவேண்டும். மாமியைக் கொண்டு கையெழுத்து வைப்பித்து இரண்டு கந்தோருக்கும் பதிவுத்தபாலில் அனுப்பியிருக்கிறோம். வாசிக்கிற நீங்களும் உங்கள் ஊர்க் கிடங்குக்கு ஒன்று எழுதுங்கள், முத்திரைச் செலவுதான். மாகாண சபைத் தேர்தலை வைக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லை, முறை எல்லாம் பேசி முடித்து ஒரு நாளைக் குறியுங்கள். வருகிற மெம்பர் படம் போடாவிட்டாலும் பரவாயில்லை. எந்த வேலை எந்தக் கந்தோரில், எந்த நாளில் என்று ஒரே ஒரு தாளில் அடித்துச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டினால் போதும். பசை நாங்கள் தருகிறோம்.