ஐன்ஸ்டைன் வேலை தேடிய கதை

பட்டம் வாங்கிய பையன் வீட்டில் சும்மா இருந்தால் அப்பாக்களால் சும்மா இருக்க முடியாது. அவனுக்குத் தெரியாமல் யாராவது பெரிய மனிதரைப் பிடிப்பார்கள். 1901 ஏப்ரலில் மிலான் நகரத்து வியாபாரி ஹெர்மன் ஐன்ஸ்டைனும் அதைத்தான் செய்தார். லைப்ஸிக் நகரின் புகழ்பெற்ற வேதியியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் போட்டார். மகன் வேலை கிடைக்காமல் மனமொடிந்து கிடக்கிறான், முடிந்தால் ஓர் உதவியாளர் இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் அவன் கட்டுரையைப் படித்துவிட்டு நாலு வார்த்தை ஆறுதலாகவாவது எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். இந்தக் கடிதம் பையனுக்குத் தெரியாது என்பதையும் மறக்காமல் சேர்த்திருந்தார்.

பையன் பெயர் ஆல்பர்ட். வயது 22.

அப்பாவுக்குத் தெரிந்ததோ என்னவோ, பையன் ஏற்கெனவே அதே பேராசிரியருக்குத் தன் கட்டுரையை இணைத்து விண்ணப்பம் போட்டிருந்தான். பதில் இல்லை. இரண்டு வாரம் பொறுத்து ஒரு கார்டு எழுதினான்: போன கடிதத்தில் முகவரி எழுதினேனா என்று சந்தேகமாக இருக்கிறது, இதோ என் முகவரி. ‘என் மெயில் ஸ்பாமில் போயிருக்குமோ சார்’ என்று இன்று கேட்கிறார்களே, அதன் 1901 பதிப்பு இது. ஆஸ்ட்வால்ட் அசையவில்லை. அப்பாவுக்காவது பதில் போட்டார் என்பதற்கும் சான்று இல்லை.

இனி மரியாதையாகவே சொல்வோம். ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் என்ற பேராசிரியரிடம் ஓர் இடம் காலி என்று ஐன்ஸ்டைன் காதில் விழுந்தது. அவருக்குத் தபால் செலவுகூட வைக்கக் கூடாதென்று, பதில் எழுத வேண்டிய கார்டையும் சேர்த்தே அனுப்பினார். அந்தக் கார்டு இன்றும் லைடனின் பூர்ஹாவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஓர் எழுத்துகூட எழுதப்படாமல்.

ஐன்ஸ்டைனுக்கு மட்டும் ஏன் இப்படி? 1900இல் சூரிச் பாலிடெக்னிக்கில் அவரோடு தேறிய மற்ற மூவரும் அங்கேயே உதவியாளர்களாகச் சேர்ந்துவிட்டார்கள். ஐன்ஸ்டைன் வகுப்புக்கு மட்டம் போட்டவர், அது போகட்டும். அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த வெபரை ‘பேராசிரியர் அவர்களே’ என்று அழைக்காமல் வெறும் ‘மிஸ்டர் வெபர்’ கணக்கில் கூப்பிட்டவர். துறைத் தலைவரை ‘சார்’ போடாமல் கூப்பிட்டுப் பார்த்த யாருக்கும் இதன் விலை தெரியும். வெபர்தான் தன்னைப் பற்றி மோசமாகச் சொல்லிப் போகிற இடமெல்லாம் கெடுக்கிறார் என்று ஐன்ஸ்டைன் நம்பினார். உண்மையோ பொய்யோ, வேலை கிடைக்காதவனுக்கு ஒரு வில்லன் தேவைப்படுகிறான்.

ஆனால் கிண்டலை மட்டும் மனிதர் விடவில்லை. வடகடல் தொடங்கி இத்தாலியின் தென்முனை வரை உள்ள இயற்பியலாளர் அத்தனை பேரையும் என் விண்ணப்பத்தால் கௌரவித்துவிடுவேன் என்று காதலி மிலேவாவுக்கு எழுதினார். கழுதையைப் படைத்த கடவுள் அதற்குத் தடித்த தோலையும் கொடுத்திருக்கிறார் என்று நண்பர் கிராஸ்மனுக்கு எழுதினார்.

கடைசியில் காரியம் ஆனது சிபாரிசால்தான். கிராஸ்மனின் அப்பாவுக்கு பெர்ன் காப்புரிமை அலுவலக இயக்குநரைத் தெரியும். கல்லூரியில் நோட்டைக் கொடுத்து உதவிய நண்பர் இப்போது அப்பாவையே கொடுத்து உதவினார். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் ஐன்ஸ்டைன் பெர்ன் பத்திரிகையில் டியூஷன் விளம்பரம் கொடுத்தார்: கணிதம், இயற்பியல், மாதிரி வகுப்பு இலவசம். 1902 ஜூனில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப வல்லுநர் வேலை வந்தது. சம்பளம் ஆண்டுக்கு 3,500 ஃபிராங்க்.

1905இல் சார்பியல் கட்டுரை வந்ததும் உலகம் வாசலில் வந்து நின்றது என்று நினைப்பவர்கள் மேற்கொண்டு படிக்கவும். 1907இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த அனுமதி கேட்டு, அச்சில் வந்த 17 கட்டுரைகளை அனுப்பினார். அச்சில் வராத புது ஆய்வுரை ஒன்று வேண்டும், அது இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ‘ஜெராக்ஸ் இருக்கு, அட்டெஸ்டேஷன் எங்கே?’ என்ற குரல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அடுத்து சூரிச்சில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலைக்கு, சார்பியல் உட்பட எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்து மனுப் போட்டார். மொத்தம் 21 பேர் விண்ணப்பித்தார்கள். மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். அதில் அவர் இல்லை. தேர்வுக் குழுவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. காலமும் வெளியும் வளைந்து கொடுக்கும் என்பவரிடம் பையன்களை ஒப்படைக்க யாருக்கும் யோசனையாகத்தான் இருக்கும். 1908இல் பெர்ன் ஒருவழியாக இறங்கிவந்தது. காலை 7 மணி வகுப்பு. வந்து உட்கார்ந்தவர்கள் மூன்று பேர், மூவரும் அவருடைய நண்பர்கள்.

இதே காலத்தில் இங்கே இன்னொருவர் குமாஸ்தா வேலை தேடி அலைந்தார். எஃப்.ஏ. தேறாத கணித மேதை ராமானுஜன், 1910இல் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரிடம் போய் நின்றார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ஐயர், இப்பேர்ப்பட்ட அறிவைக் குமாஸ்தா நாற்காலியில் புதைக்க எனக்கு மனமில்லை என்று மறுத்து, சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். இதைவிட உயர்ந்த மறுப்பு யாருக்கும் கிடைத்திருக்காது. ஆனால் அதைக் காட்டி அரிசி வாங்க முடியாது; அவருக்கோ அதற்கு முந்தைய ஆண்டே கல்யாணமும் ஆகியிருந்தது. 1912 மார்ச்சில்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் உட்கார முடிந்தது.

அதே 1910இல், ஐன்ஸ்டைனுக்கு நோபல் பரிசு கொடுக்கலாம் என்று முதன்முதலில் பரிந்துரை எழுதியவர் சாட்சாத் ஆஸ்ட்வால்ட். ஒன்பது ஆண்டு தாமதமாக வந்த பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஒன்பது ஆண்டு காத்திருக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று சொன்னால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். ‘இல்லை’ என்று ஒரு வரி போதும்.